பிப்ரவரி முப்பத்தொன்று

அத்தியாயம் ஐந்து

“சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஒரு பேர் வேணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க,” என்றார் முதலாளி. “பேர் என்கிட்ட இருக்கு. ஆதாரம்தான் இல்ல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“அப்படின்னா நீங்க குற்றவாளியைத் தேடல. நீங்க எழுதி வச்சதுக்குக் கீழ கையெழுத்துப் போட ஆள் தேடறீங்க,” என்றாள் அண்ணி.

முதலாளி சிரிக்கவில்லை. கொழுந்தன் சிரித்தான். சிரித்த வேகத்தில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேசை விளிம்பைப் பிடித்துத் தப்பித்தான்.

அண்ணிக்கு வேறு பெயர் உண்டு. துப்பறியும் அலுவலகத்தின் வாசல் பலகையில் அது இருக்கிறது. ஆனால் கணவனின் தம்பியை உதவியாளனாக வைத்துக்கொண்ட நாளிலிருந்து, அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்கள் முதல் காவல் நிலையம் வரை எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். கொழுந்தன் ஐந்து வேலைகளை விட்டுவிட்டு ஆறாவதாக இதில் வந்து ஒட்டிக்கொண்டவன். வயது நாற்பத்தொன்று. வாய்க்கு மட்டும் பதினாறு.

முதலாளி பேச்சை நிறுத்தாமலே மேசையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நான்காக மடித்தார். முட்டி போட்டார். ஆடிய நாற்காலிக் காலுக்கு அடியில் செருகினார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு தன் இருக்கைக்குப் போனார். இத்தனையையும் தான் செய்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“எங்க மென்பொருள்தான் அந்த ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கு ‘இன்ன தேதிக்கு வாங்க’ன்னு செய்தி அனுப்புது. எட்டு வருஷமா ஒரு பிசகு கிடையாது. அங்க ஒரு பெரிய டாக்டர், மாசக் கடைசி நாள் மட்டும் வருவார். வருஷா வருஷம் ஆகஸ்ட் முப்பத்தொண்ணு முகாம்ல அவரைப் பாத்தவங்க மட்டும் ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்.”

“பிப்ரவரி கடைசி,” என்றாள் அண்ணி.

“பிப்ரவரி இருபத்தெட்டு. டாக்டர் வந்து காலையிலிருந்து காலி நாற்காலிகளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். நாப்பத்து மூணு பேரும் மார்ச் மூணாம் தேதி வந்து பூட்டின கதவு முன்னாடி நின்னிருக்காங்க. அதுல பாதிப் பேர் கண்ணு தெரியாதவங்க.”

“கண் டாக்டரா?” என்றான் கொழுந்தன். “கதவு பூட்டியிருக்கறதே ரொம்ப நேரம் தெரிஞ்சிருக்காதே.”

அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் அடுத்ததாகச் சொல்ல இருந்ததை விழுங்கிக்கொண்டான்.

“போன மாசம் பன்னெண்டாம் தேதி புதுசா வந்த பொண்ணு ஒரு லைப்ரரியை மாத்தினா,” என்றார் முதலாளி. “எட்டு வருஷம் ஓடினது, அவ கை வச்சதும் கவுந்துடுச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு? வேணும்னே செஞ்சிருக்கா. ஏன், யாருக்காகன்னு கண்டுபிடிங்க.”

அவர் முன்னால் ஒரு கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. பதிவு அலுவலகத்தில் இருபது வருடம் பத்திர நகல்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தவள் அண்ணி. எழுத்து தலைகீழாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ‘வேண்டுமென்றே விளைவித்த சேதம்’ என்ற வரியையும் அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயரையும் படித்துவிட்டு எழுந்தாள்.

அப்போது மணி இரண்டே முக்கால்.

*

அந்தப் பெண்ணை அலுவலகத்தில் மருமகள் என்று கூப்பிட்டார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவள். ஒரு வீட்டில் எது உடைந்தாலும் புது மருமகள் கை பட்டதுதான் என்பார்களே, அந்த வகையில் வந்த பட்டப்பெயர். ஆறு மாதத்தில் காபி இயந்திரம் நின்றதும் அவளால்தான், மழை ஒழுகியதும் அவளால்தான்.

முப்பத்தெட்டு வயது இருக்கும். அழவில்லை. அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

“லைப்ரரின்னா என்னம்மா?” என்றாள் அண்ணி.

“வேற யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தற நிரல் மேடம். தேதிக் கணக்குக்கு ஒண்ணு இருக்கு. அதை நாமளே எழுதத் தேவையில்ல.”

“ரெடிமேட் சட்டை,” என்றான் கொழுந்தன்.

“அப்படியே வச்சுக்கலாம் சார். நாங்க மூணாவது வெர்ஷன்ல இருந்தோம். நாலாவது வந்துடுச்சு. மூணாவதுல இனிமே ஓட்டை கண்டுபிடிச்சாலும் அடைக்க மாட்டோம்னு அதை எழுதினவங்களே அறிவிச்சுட்டாங்க. நோயாளிங்க விவரம் இருக்கற இடம், மாத்தாம விட முடியாது. ஆனா மூணுலருந்து நாலுக்குப் போறது பெரிய தாவல். சில கட்டளைகளோட பேரை மாத்திட்டாங்க, சில பழைய வசதியை எடுத்துட்டாங்க. அறுபத்தேழு இடத்துல எங்க நிரலைத் திருத்தினேன்.”

அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அறுபத்தேழு வரிகள். ஒவ்வொரு வரியிலும் பழைய விடை, புது விடை, அதற்குப் பக்கத்தில் ஒரு டிக்.

“ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட ஆறு மாசம் கூட்டினா?” என்றாள் அண்ணி.

மருமகள் விரலை நாற்பத்தொன்றாம் வரியில் வைத்தாள். “நாலுல மார்ச் மூணு. மூணுலயும் மார்ச் மூணு. ரெண்டும் ஒண்ணா இருந்ததால டிக் போட்டேன். அதான் மேடம் எனக்குப் புரியல. பிப்ரவரி முப்பத்தொண்ணுன்னு ஒரு நாளே கிடையாதே, அதனால மிச்சம் மூணு நாளை மார்ச்சுல தள்ளிடுது. பழசும் அப்படித்தான் தள்ளுது, புதுசும் அப்படித்தான் தள்ளுது.”

“எங்க அண்ணன் வேலையைத் தள்ளற மாதிரி,” என்றான் கொழுந்தன்.

“உங்க அண்ணன் மூணு நாளோட நிறுத்த மாட்டார்,” என்றாள் அண்ணி. பிறகு மருமகளிடம், “அப்படின்னா எட்டு வருஷமா தப்பாத்தானே போயிருக்கணும்?”

“போயிருக்கணும். ஆனா போகலன்னு எல்லாரும் சொல்றாங்க. என் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டறேன்னு சொன்னேன். யாரும் பாக்க வரல.” அவள் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். “ரெண்டு பிள்ளைங்களை வளர்க்க வேலையை விட்டேன் மேடம். பதினோரு வருஷம் கழிச்சு, முப்பது இடத்துல கேட்டு, இந்த ஒரு இடத்துல எடுத்தாங்க. வேலை போனா போகட்டும். ‘வேணும்னே செஞ்சா’ன்னு எழுதி அனுப்பினா அதுக்கப்புறம் எந்தக் கதவைத் தட்டுவேன்?”

கொழுந்தன் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தான். அவனுக்கு அது அபூர்வம்.

வெளியே நடையில் வந்ததும் அவன் மெல்லச் சொன்னான். “அண்ணி, இந்தப் பொண்ணு செய்யல.”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“முகத்தை வச்சு.”

“போன கேஸ்ல அந்த நகைக்கடைக்காரர் முகத்தை வச்சும் இதையேதான் சொன்னீங்க தம்பி. வேற ஏதாவது சொல்லுங்க.”

கொழுந்தன் நெற்றியைத் தடவினான். “ஆறு மாசக் கணக்கு அந்த ஒரு டாக்டருக்கு மட்டும்தானாம், மத்தவங்களுக்கெல்லாம் வாரக் கணக்காம். ஊரையே கவுக்கணும்னு நினைக்கறவ மத்த எட்டாயிரம் பேரை விட்டுட்டு நாப்பத்து மூணு பேரை மட்டுமா தொடுவா?”

“இது பேச்சு,” என்றாள் அண்ணி.

*

சர்வர் அறையில் ஏசி எலும்பைத் தொட்டது. உள்ளே ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவுமாக ஒருவர் இருந்தார். காவல்காரர் என்று பெயர் வாங்கியவர். கம்பெனியின் சர்வர் அவர் பொறுப்பு.

“என்னைக் கேக்காம இதுக்குள்ள ஒரு கொசு போக முடியாது,” என்றார்.

“கொசு போய் என்ன சார் பண்ணப் போகுது? அதுக்கு ஏசி ஆகாது,” என்றான் கொழுந்தன்.

காவல்காரர் அவனை விட்டுவிட்டு அண்ணியிடம் திரும்பினார். “அந்தப் பொண்ணு பழசுலயும் மார்ச் மூணுதான் வருதுங்கறா. பொய். இதோ பாருங்க, போன வருஷம் அனுப்பின செய்தி. ‘பிப்ரவரி இருபத்தெட்டு அன்று வரவும்.’ அதுக்கு முந்தின வருஷம், இருபத்தெட்டு. இந்த சர்வர் தப்பே பண்ணினதில்ல.”

திரையில் வரிசையாக இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்றிருந்தது. கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான்.

“அண்ணி, ரெண்டுல ஒண்ணு பொய். நோட்டா, குல்லாவா?”

“ரெண்டும் நிஜமா இருந்தா?”

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுது.”

“அதுக்கு ஏது வாய்? அதைத்தான் உங்களுக்குச் சேத்துக் கொடுத்துட்டாங்களே.” அண்ணி காவல்காரர் பக்கம் திரும்பினாள். “புது வெர்ஷன் போட்டப்ப பழசை என்ன செஞ்சீங்க?”

“மொத்தமா எடுத்துத் தனியா வச்சுட்டு, புதுசை மொத்தமா இறக்கினேன். முறை அதுதான். பழசை அழிக்கல. நான் எதையும் அழிக்க மாட்டேன்.” கொஞ்சம் தயங்கி, “வீட்டுல இதுக்குத்தான் சண்டை,” என்றார்.

“நல்லதாப் போச்சு. மருமகளை வரச் சொல்லுங்க.”

மருமகள் வந்தாள். காவல்காரர் சுவரைப் பார்த்தார்.

“பதிவு அலுவலகத்துல ‘உண்மை நகல்’னு முத்திரை குத்தின தாளை யாரும் படிச்சுப் பாக்க மாட்டாங்க,” என்றாள் அண்ணி. “முத்திரைதான் இருக்கேன்னு நம்பிடுவாங்க. நம்பாம படிக்கத்தான் என்னை வேலைக்கு வச்சிருந்தாங்க. இங்க உங்க ரெண்டு பேர்கிட்டயும் மூணாவது வெர்ஷன் இருக்கு. இவங்க அதை எழுதினவங்க கிட்டருந்து புதுசா இறக்கினது. உங்களோடது சர்வர்ல எட்டு வருஷம் கிடந்தது. ரெண்டுக்கும் மேல மூணுன்னு முத்திரை இருக்கு. யாராவது உள்ள ஒப்பிட்டுப் பாத்தீங்களா?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்ச் மூன்றாம் தேதிக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“ஒப்பிட என்ன இருக்கு?” என்றார் காவல்காரர். “ஒரே வெர்ஷன்னா ஒரே கோப்புகள்தான். உலகம் பூரா அதேதான்.”

“அப்ப ஒரு நிமிஷ வேலைதானே?”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். இருநூற்றுப் பதின்மூன்று அச்சு அசலாக ஒன்று. ஒன்றே ஒன்றில், சர்வரில் கிடந்த பழைய பிரதியில் மட்டும், மூன்று வரிகள் கூடுதலாக இருந்தன.

மருமகள் திரைக்கு அருகே குனிந்து படித்தாள். குரல் மாறிவிட்டது. “மாசத்தைக் கூட்டின அப்புறம் அப்படி ஒரு நாளே இல்லன்னா, அடுத்த மாசத்துக்குத் தள்ளாம அந்த மாசத்தோட கடைசி நாளை எடுத்துக்கோன்னு எழுதியிருக்கு. இதனாலதான் இருபத்தெட்டு வந்துக்கிட்டு இருந்திருக்கு. யாரோ லைப்ரரிக்குள்ளயே கையை விட்டுத் திருத்தியிருக்காங்க மேடம். அதை யாருமே செய்யக் கூடாது. சார் சொன்ன மாதிரி, வாங்கின சட்டையோட உள்பக்கம் ஒட்டுப் போட்டா, அடுத்து வாங்கற சட்டையில அந்த ஒட்டு எப்படி வரும்?”

“பழசோட சேர்ந்து அந்த மூணு வரியும் வெளியே போயிடுச்சு,” என்றாள் அண்ணி.

கொழுந்தன் மெதுவாகக் காவல்காரரைப் பார்த்தான். “கொசுகூடப் போக முடியாதுன்னு சொன்னீங்க.”

காவல்காரர் குல்லாவைக் கழற்றினார். அந்தக் குளிரிலும் தலை வியர்த்திருந்தது. “நான் இல்ல. சத்தியமா நான் இல்ல.”

“கோப்புல தேதி இருக்கா?” என்றாள் அண்ணி.

“எட்டு வருஷம் முன்னாடி. அக்டோபர்.” அவருக்கு உயிர் திரும்பியது. “நான் சேர்ந்து ஏழு வருஷம்தான் ஆச்சு! நான் வர்றதுக்கு முன்னாடி இங்க மொத்தமே ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே கடவுச்சொல். யார் வேணா உள்ள போயிருக்கலாம். அந்த ஊழியர்கள் ஒருத்தர்கூட இப்ப இல்ல.”

“ஊழியர்கள்,” என்று அண்ணி அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள். அந்த மூன்று வரிகளை ஒரு தாளில் அச்செடுத்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தாள். “வாங்க தம்பி. மணி நாலரை.”

*

முதலாளியின் அறைக்குப் போகும் வழியெல்லாம் கொழுந்தன் கணக்குப் போட்டான். எட்டு வருடத்துக்கு முன் போன ஐந்து பேரை அரை மணி நேரத்தில் எங்கே போய்ப் பிடிப்பது? ஆறு பேர் என்றல்லவா சொன்னார், ஐந்து ஏன் வருகிறது என்று அவன் யோசிக்கத் தொடங்குவதற்குள் அண்ணி கதவைத் திறந்துவிட்டாள்.

“கிடைச்சுதா?” என்றார் முதலாளி.

“கிடைச்சது. பொண்ணு மேல தப்பில்ல. எட்டு வருஷம் முன்னாடி உங்க ஆபீஸ்ல ஒரு அரைகுறை ஆள் இருந்திருக்கார்.”

“அரைகுறையா?”

“லைப்ரரிக்குள்ள கையை விட்டு மூணு வரி எழுதியிருக்கார். எழுதினதுதான் எழுதினார், ஒழுங்கா எழுதியிருக்கக் கூடாதா? பிப்ரவரின்னா இருபத்தெட்டுன்னு போட்டுட்டுப் போயிட்டார். லீப் வருஷத்தையே மறந்துட்டார்.”

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருமகள் அப்படிப் படிக்கவே இல்லையே. மாதத்தின் கடைசி நாள் என்றுதானே சொன்னாள்? இருபது வருடம் ஒப்பிட்டுப் படித்தவள் முதன்முறையாகத் தப்பாகப் படிக்கிறாள், அதுவும் வாடிக்கையாளர் முன்னால். அவன் மெல்ல இருமினான். அண்ணி கண்டுகொள்ளவில்லை.

“பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிஞ்சது அந்த ஆளுக்குத் தெரியல,” என்று தொடர்ந்தாள். “எப்பவோ கவுந்திருக்க வேண்டியது. ஏதோ அதிர்ஷ்டத்துல...”

“யார் சொன்னது?” முதலாளியின் காது மடல் சிவந்திருந்தது. “லீப் வருஷம் எப்படிக் கவுக்கும்? இருபத்தெட்டுன்னு எங்கயும் போடல. ரெண்டாவது வரியில அந்த மாசத்தோட கடைசி நாள் எதுன்னு லைப்ரரியையே கேட்டு வாங்கறோம். லீப் வருஷம்னா அது இருபத்தொம்பதுன்னு சொல்லும். நாலு விதமா சோதிச்சுப் பாத்துட்டுத்தான்...”

நின்றுவிட்டார்.

அண்ணி பையைத் திறந்து மடித்த தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“இன்னும் நான் இதைப் பிரிக்கவே இல்ல சார்.”

முதலாளி தாளைப் பிரித்தார். மூன்று வரிகளையும் படித்தார். பழைய போட்டோவில் மீசையோடு நிற்கும் தன்னைத் தானே அடையாளம் கண்டவரைப் போல இருந்தது அவர் முகம்.

“முதல் வாடிக்கையாளர் அந்த ஆஸ்பத்திரிதான்,” என்றார் கடைசியில். “மறுநாள் காலையில செஞ்சு காட்டணும். பிப்ரவரிக்கு மார்ச் மூணு காட்டுது. அவசரத்துல உள்ளயே திருத்திட்டேன். அப்புறமா ஒழுங்கா மாத்தலாம்னு நினைச்சேன். சத்தியமா மறந்தே போச்சு.”

“தெரியும்,” என்றாள் அண்ணி. “ஞாபகம் இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க.”

“எப்படி என் மேல சந்தேகம் வந்துச்சு?”

“அப்ப இருந்த ஆறு பேர்ல ஊழியர்கள்தான் போனாங்க, நீங்க போகல. அதோட, இவர் நாற்காலி ஆடினப்ப நீங்க ஆளைக் கூப்பிடல, பேச்சையும் நிறுத்தல. கீழ கார்டு வச்சதை யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. நாளைக்குப் பெருக்கறவங்க அதைக் குப்பைன்னு எடுத்துப் போடுவாங்க. நாற்காலி மறுபடி ஆடும். அப்ப யாரைத் திட்டுவீங்க?”

கொழுந்தன் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டான்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நாற்பது. பிறகு தட்டச்சான கடிதத்தைப் பார்த்தார். “தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிடலாம். யார் பேரும் வேண்டாம். அந்தப் பொண்ணு வேலையும் இருக்கும்.”

“அவங்க பேர் கேட்டிருக்காங்க,” என்றாள் அண்ணி. “பேர் போடாம அனுப்பினா, லைப்ரரியை மாத்தினது யாருன்னு விசாரிப்பாங்க. அதுக்கு ஒரு பேர்தான் பதில். கடிதத்துல இருந்து எடுத்தாலும் அவ தலையிலதான் போய் உக்காரும்.”

அவர் விரல்கள் மேசையில் எதையோ தட்டச்சு செய்வதுபோல அசைந்தன. பிறகு எழுந்து கதவைத் திறந்து, மருமகளையும் காவல்காரரையும் கூப்பிட்டார்.

அவர்கள் வந்து நின்றதும், தன் கையால் எழுதிய மூன்று வரிகளைப் பற்றி ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார். அவர் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் மருமகள் குறுக்கிட்டாள்.

“நானும் என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓட்டிப் பாத்தேன் சார். சர்வர்ல ஒரு தடவை ஓட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அதையும் எழுதுங்க.”

“அதை எழுத மாட்டேன்,” என்றார் முதலாளி. “இதுல ஒரு பேர்தான்.”

அவர் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்தாள். ‘வேண்டுமென்றே’ போனது. ‘எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னால் முறை தவறிச் செய்யப்பட்ட திருத்தம்’ வந்தது. கையெழுத்துப் போட்டார். நான்கு ஐம்பத்தாறுக்குக் கடிதம் போனது.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மறுமுனையின் சத்தம் அறை முழுவதும் கேட்டது. முதலாளி ஒன்பது தடவை ‘ஆமா’ என்றும், இரண்டு தடவை ‘நான்தான்’ என்றும் சொன்னதைக் கொழுந்தன் எண்ணினான். போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

“ஒரு மாசம் பாப்பாங்களாம். நாலாவது வெர்ஷனை எடுத்துட்டுப் பழசுக்குத் திரும்பக் கூடாதாம், இருபத்தெட்டும் வரணுமாம்.”

“அந்த மூணு வரியை நம்ம நிரல்லயே, வெளியில தெரியற இடத்துல எழுதிட்டேன் சார்,” என்றாள் மருமகள். “லைப்ரரியைத் தொடல. நாளைக்கு அஞ்சாவது வந்தாலும் நிக்கும். சர்வர்லயும் ஓட்டிப் பாத்துட்டேன்.”

“எப்ப எழுதினே?”

“என் பேரைப் போட்ட கடிதத்தை நீங்க படிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். காவல்காரர் தொண்டையைச் செருமினார்.

“சார், ஒரு விஷயம். அந்தப் பழைய கடவுச்சொல் இன்னும் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. ஏன்?”

“நான் சேர்ந்தப்ப மாத்தியிருக்கணும். மாத்தல.” காவல்காரர் கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியை மருமகள் பக்கம் தள்ளினார். “நீயே புதுசு போடும்மா. எனக்கு மட்டும் அப்புறம் சொல்லு.”

அவள் விசைப்பலகையில் கை வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சார், சுவர்ப் பக்கம் திரும்பணுமாம்,” என்று கொழுந்தன் பணிவாக மொழிபெயர்த்தான்.

சொந்த அலுவலகத்தில், சொந்த அறையில், முதலாளி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பின்னால் விசைகள் டக் டக்கென்று ஓடின. நிற்கிற மாதிரி தெரியவில்லை.

“என்னம்மா, இவ்வளவு நீளமா?” என்றார் முதலாளி சுவரைப் பார்த்தபடியே.

“எண்ணாதீங்க சார்,” என்றாள் மருமகள்.